சுல்மாவின் ஈறும் அசட்டுக் குடுக்கையும்

துராஸ்னோ என்கிற ஊரில் பந்தாட்டச் சட்டை தைக்கிற வில்மாரின் கூடத்தில் சுல்மா பெந்தாங்கூர் என்று ஒருத்தி இருப்பதே பலருக்கு மறந்துபோகும். யாராவது பேச்சுக் கொடுத்தால் ஊசியில் நூல் கோப்பவள்போலக் குனிந்துகொள்வாள். ஆனால் அந்த ஊரார் தேநீர்போலக் குடிக்கிற மாத்தேயை ஊற்றுவது அவள்தான். சுரைக்குடுக்கையில் இலைத்தூளைச் சரித்துப் போட்டு, உலோகக் குழலைச் செருகி, பிளாஸ்கிலிருந்து வெந்நீரை ஓரமாக விடுவாள். ஒரே குடுக்கை, ஒரே குழல், எல்லார் வாய்க்கும் போய்வரும். அந்த நேரத்தில் மட்டும் எல்லாரும் அவள் கையைப் பார்ப்பார்கள். வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

பதவிக்கு ஒரு வரி உண்டு. முதல் குடுக்கையை ஊற்றுகிறவளே குடித்தாக வேண்டும். கசப்பும் தூசியும் அதில்தான் இறங்கும். அசட்டுக் குடுக்கை என்று அதற்குப் பெயர்.

குளிர்காலத்தில் சுல்மாவுக்கு ஈறு சீழ்பிடித்தது. டாக்டர் கிரிசெல் ஈறைக் கீறிச் சுத்தம் செய்து, தையல் போட்டு, புண்ணின்மேல் இளஞ்சிவப்புப் பசையை அப்பிவிட்டாள். ஒரு வாரம் அது அப்படியே இருக்க வேண்டும், சூடாக எதுவும் கூடாது என்றாள். சுல்மா ஒழுங்காகத் தலையாட்டினாள். சூப்பைக்கூட ஆறவைத்தே குடித்தாள். மாத்தே சூடு என்பது மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை. சூப் என்றால் சூடு. மாத்தே என்றால் மாத்தே, அவ்வளவுதான்.

மறுநாள் காலை முதல் குடுக்கையை உறிஞ்சி முடித்து, மறுபடி வெந்நீர் விட்டு நில்தாவிடம் நீட்டினாள். நில்தா காஜா போடுகிறவள். பிளாஸ்கின்மேல் வெகுநாளாக ஒரு கண். அவள் உறிஞ்சினாள், வரவில்லை. கன்னம் ஒட்டுமளவு இழுத்தும் வரவில்லை. வில்மார் குழலை வாங்கி ஊசியால் குத்தினார். வாய்ப்பக்கத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு துணுக்கு மேசையில் விழுந்தது. சுல்மா நாக்கால் தடவிப் பார்த்தாள். பசையில் ஒரு மூலை காணோம்.

"சிமெண்ட்டுடி இது. என்னைக் கொல்லப் பாத்தியா?" என்றாள் நில்தா.

அன்று யாரும் மேற்கொண்டு குடிக்கவில்லை. இனி தன் கையிலிருந்து வாங்குவார்களா என்பதுதான் சுல்மாவின் கவலை. துணுக்கைக் கழுவி, மஞ்சள் துணித்துண்டில் பொதிந்துகொண்டு டாக்டரிடம் போனாள். பாதிக்கப்பட்டவள் என்ற முறையில் நில்தாவும் கூடவே வந்தாள்.

சுல்மா பொட்டலத்தைப் பிரித்து, இதைத் திரும்ப ஒட்டிவிட முடியுமா என்று கேட்டாள். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அழுக்கையும் உள்ளே வைத்துப் பூட்டினமாதிரி ஆகிவிடும் என்றாள். பிறகு நில்தாவின் நாக்கை நீட்டச்சொல்லிப் பார்த்தாள்.

"பொடித்துண்டு வயித்துக்குள்ள போனாலும் பயமில்லம்மா, தானா வெளிய போயிடும். சில பசையில கிராம்பு எண்ணெய் இருக்கும், அது சிலருக்கு ஒத்துக்காம எரியும், வீங்கும். இதுல அது இல்ல. ஆனாலும் எரிஞ்சா வாங்க. ஆபத்து பசையில இல்ல, சுல்மா. வெந்நீரும் உறிஞ்சறதும்தான் ஆபத்து. புண்ணு ஆறுற வரைக்கும் அந்தக் குழல்ல வாய வைக்காதீங்க. உங்களுக்கும் நல்லதில்ல, அவங்களுக்கும் நல்லதில்ல."

சுல்மா புதுப் பசை அப்பிக்கொண்டதும் இருவரும் திரும்பினார்கள். வழிநெடுக நில்தா நாக்கைப் பல்லில் தேய்த்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். எரியவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

மறுநாள் குழலைக் கொதிக்கவைத்து எடுத்தார்கள். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்ததும் நில்தா பிளாஸ்குக்குக் கை நீட்டினாள். முதல் குடுக்கையைக் குடிக்கமுடியாதவள் எப்படி ஊற்றுவாள் என்று நியாயம் பேசினாள். வில்மார் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுல்மா பிளாஸ்கை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். காது சிவந்துவிட்டது.

"ஊத்தறது நான். மொதல்ல குடிக்கறது நீ."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அந்தக் கூடத்தில் யாரும் கேட்டதில்லை. நில்தா வேண்டாம் என்றிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னவளுக்கு அன்றைய சுற்றில் மறுபடி குடுக்கை வராது. வாங்கி உறிஞ்சினாள். கண்ணில் நீர் கட்டியது.

"நாசமாப்போக. தெனமும் இதையா குடிச்சே?"

சுல்மா குடுக்கையை வாங்கி, ஓரமாக வெந்நீர் விட்டு, வில்மாரிடம் நீட்டினாள். அவர் குழலின் வாயை ஒருதரம் உற்றுப்பார்த்தார். பிறகு குடித்தார்.