பெருவிரலில் தூவிய குளிசை மா

எங்கள் தெருவில் ஒரு பழக்கம். கடலில் கையிலோ காலிலோ முள் ஏறினால், அன்டிபயோட்டிக் குளிசை ஒன்றை உடைத்து, உள்ளே இருக்கும் மாவைக் காயத்தில் தூவிவிட்டு வலை இழுக்கப் போய்விடுவார்கள். அதற்கென்றே ஒவ்வொரு வள்ளத்திலும் ஒரு போத்தல் இருக்கும். என் கணவரின் போத்தலை நிரப்பிக் கொடுத்தது நான்தான். ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பற்றீரியா பார்ப்பதைத் தொழிலாக வைத்திருக்கிற நான்! சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது.

போன வருடம் கெளுத்தி மீன் முள் அவருடைய வலது கைப் பெருவிரலில் ஏறியது. மனுசன் வழக்கம்போல மாவைத் தூவினார், இரண்டு குளிசையை விழுங்கினார், மூன்று நாள் என்னிடம் மூச்சுவிடவில்லை. நாலாம் நாள் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் கீழே போட்டபோதுதான் கண்டேன். விரல் கத்தரிக்காய் போல வீங்கிக் கறுத்திருந்தது.

"இதென்ன கோலமப்பா?"

"ஒண்டுமில்லை. மருந்து போட்டனான்தானே, வத்திடும்."

"வத்தும் வத்தும், கை கழண்டு விழுந்தாப் பிறகு வத்தும். எழும்புங்கோ!"

வார்ட்டில் டொக்டர் விரலைப் பார்த்தவுடனே முகத்தைச் சுருக்கினார். சீழ் இன்னும் உள்ளே இறங்கினால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்றார். பெருவிரல் இல்லாத கையால் வலையை எப்படிப் பிடிப்பது?

சீழை எடுத்துக்கொண்டு நானே ஆய்வுகூடத்துக்கு ஓடினேன். கண்ணாடித் தட்டில் பூசி, ஊதாச் சாயம் விட்டு, கழுவி, பிறகு சிவப்புச் சாயம் விட்டேன். ஊதாவைப் பிடித்து வைத்திருந்தால் அது கிராம் பொசிட்டிவ். கழுவும்போது அதை விட்டுவிட்டு ரோசா நிறமானால் கிராம் நெகட்டிவ். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் எல்லாமே ரோசாக் குச்சிகள். "அட கோதாரி!" என்று வாய்விட்டே திட்டினேன். இந்தச் சாதிக்கு உடம்பைச் சுற்றி மேலதிகமாக ஒரு தோல் உண்டு. நான் போத்தலில் நிரப்பியதோ, பென்சிலின் குடும்பத்தில் ஊதாக்காரரை மட்டும் கொல்லுகிற வகை. அந்தத் தோலைத் தாண்டி உள்ளே போகாது. மூன்று நாளாக மனுசன் பூட்டிய கதவுக்கு முன்னால் மா தூவியிருக்கிறார்!

டொக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் மருந்தை மாற்றி, அந்தத் தோலுக்குள்ளால் நுழையக்கூடிய வேறு வகையை ஊசியில் ஏற்றினார். விரலைக் கீறிச் சீழையும் எடுத்தார்.

"போத்தலை நிரப்பினது நான்தான். என்னை ஏசுங்கோ" என்று கணவரிடம் சொன்னேன்.

"உன்னை ஏசிப்போட்டு ஆரிட்டைச் சோறு வாங்கித் தின்னுறது?" என்றார்.

வீக்கம் வற்றியது, ஆனால் விரல் மடங்கவில்லை. ஒவ்வொரு காலையும் டொக்டர் "மடக்குங்கோ" என்பார், அது கட்டைபோல நிற்கும். நான் வெளியே போய் நின்று அழுதுவிட்டு வருவேன். ஆறாம் நாள் காலை புட்டும் மீன்குழம்பும் கொண்டுபோனேன்.

"இஞ்சை வா, கையைத் தா" என்றார்.

கொடுத்தேன். அந்தப் பெருவிரலை மடக்கி, சுட்டுவிரலோடு சேர்த்து முழங்கைக்கு மேலே நறுக்கென்று நுள்ளினார்.

வேறு நாளென்றால் வார்ட்டே கேட்கிற மாதிரி ஏசியிருப்பேன். அன்று கண்ணீர் பொலபொலவென்று கொட்ட, மற்றக் கையையும் நீட்டினேன்.

"இன்னொருக்கா நுள்ளுங்கோ பார்ப்பம்."