அக்கா இளைத்த வருடம்

2008இல் என் அக்காவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. சிதம்பரத்தில் அறுவை சிகிச்சை முடிந்து, ஊசியும் மாத்திரையுமாக ஒரு வருடம் ஓடியது. அந்த வருடத்தில் அவள் நன்றாகக் குண்டானாள். வீட்டில் எல்லோருக்கும் அதில் பெருமை. கன்னம் உப்பியதைப் பார்த்து, நோய் போயே போய்விட்டது என்று முடிவு கட்டினோம். பண்ருட்டிப் பெரியம்மா வரும்போதெல்லாம் முந்திரிப் பருப்பை அள்ளிக்கொண்டு வருவாள். எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்கப் போவது என்றாலே எதையாவது சாப்பிட வைத்துவிட்டு வருவதுதான்.

டாக்டரம்மா மட்டும் எடை மெஷினைப் பார்த்து முகம் சுளித்தார்.

“இவ்ளோ எடை கூடாதும்மா. நோய் திரும்ப வர்றதுக்கு அதுவும் ஒரு காரணமா ஆவலாம். குறைச்சா வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இது உங்க கையில இருக்கிற காரியம்.”

மறுநாளே அக்கா கடலூர் கடற்கரையில் நடக்க ஆரம்பித்தாள். அறுவை செய்த பக்கத்துக் கை வீங்கும். அதை மார்போடு அணைத்துக்கொண்டு மணலில் நடப்பாள். பாயசம் என்றால் உயிரை விடுகிறவள், ஒரு ஸ்பூன் மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளுவாள். நான்தான் குண்டானேன்.

அவள் மெல்ல மெல்ல இளைத்தாள். வந்தது வினை. எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை, புற்றுநோய் வந்தவள் இளைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சிதம்பரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், அக்காவின் தொளதொளத்த ரவிக்கையைப் பார்த்ததும் பெரியம்மா அழுதுவிட்டாள்.

“என்னாடி, திரும்ப வந்துடுச்சா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். அக்காவோ பெரியம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டு, ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அந்த அழுகை மாமாவை, அதாவது அக்காவின் வீட்டுக்காரரை, பிடித்துக்கொண்டது. அடுத்த வாரப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றார்கள். அதற்குப் பிறகும் அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் கல்யாணம் முடிந்து கடலூர் திரும்பிய அந்தச் சாயங்காலம் அது எங்களில் யாருக்கும் தெரியாது.

மாமாவே தோசை வார்த்தார். இரண்டு போதும் என்று அக்கா கையால் மறித்தும், மூன்றாவதை அவள் தட்டில் போட்டார்.

“எனக்காக சாப்புடு. உன்ன இப்படிப் பாக்க பயமா இருக்கு.”

“எனக்கும் பயம்தாங்க,” என்றாள் அக்கா. “தெனம் பயந்துகிட்டேதான் நடக்குறேன். நீங்கல்லாம் எம்மேல இருக்குற பாசத்துலதான் சாப்புடச் சொல்றீங்க. அதுக்காக நான் செத்துப்போவ முடியுமா?”

குரலில் துளிக் கோபம் இல்லை. என்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவளுக்குள் இப்படி ஒருத்தி இருந்தாளா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாமா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தட்டிலிருந்த மூன்றாவது தோசையை எடுத்து, கண்ணைக்கூடத் துடைக்காமல், தானே தின்றார்.