அக்காவின் தலைக்குள் எடுக்காத படம்

மல்லாவியில் நாங்கள் சண்டையால் இடம்பெயர்ந்து ஒதுங்கியிருந்தது அக்காவின் மாமியாருடைய வீட்டு வளவில். அந்த மனுசியை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. அக்காவுக்கு மாதத்தில் மூன்று நாலு தரம் ஒற்றைத் தலையிடி வரும். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, வெளிச்சம் மறைக்கச் சாக்குத் தொங்கவிட்ட அறைக்குள் படுத்துவிடுவா. களை பிடுங்கக் கூப்பிட்டால்தான் அவவுக்குத் தலை இடிக்குமென்று மாமி வேலிக்கு மேலால் அயலுக்குச் சொல்லுவா.

உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு அது பொறுக்கவில்லை. வவுனியாவிலிருந்து வந்த மருந்துப் பொதியைச் சுற்றியிருந்த ஆங்கிலப் பத்திரிகைத் தாளில் ஒரு செய்தி கிடந்தது. வெளிநாட்டில் இந்த வருத்தக்காரரை ஒரு இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, மினுங்கும் கோலங்களைக் காட்டி, வேண்டுமென்றே தலையிடியை வரவழைக்கிறார்களாம். அது தொடங்கும்போதே மூளையைப் படமெடுக்கிறார்களாம். படத்தில் தெரிந்தபிறகு எந்த மாமி நடிப்பென்று சொல்லுவா? எங்களிடம் கரண்டே இல்லை. பரவாயில்லை, வரவழைக்கிற பாதியையாவது நான் செய்யலாம்.

கொப்பியொன்றில் அக்காவுக்குத் தலையிடி வந்த நாள்களை இரண்டு மாதம் குறித்தேன். அக்கா படுத்த நாள்களில் அநேகமானவை அத்தான் மோட்டார் சைக்கிள் எடுத்த நாள்கள். பெற்றோல் கிடையாத காலம். கண்மருந்துப் போத்தலால் நாலு துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார். வளவு முழுக்கப் புகை. காரணத்தைப் பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன்.

ஒரு சனிக்கிழமை காலை, மாமி முற்றத்தில் உழுந்து புடைக்கிற நேரம் பார்த்து, மோட்டார் சைக்கிளைக் குசினி வாசலுக்கு உருட்டிக் கிளப்பினேன். அக்கா உள்ளே அடுப்படியில். ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, கிணற்றடியில் குந்தியிருந்து சாப்பிட்டதையெல்லாம் சத்தியெடுத்தா.

"பாருங்கோ மாமி, இது நடிப்பே?"

மாமி சுளகைக் கீழே வைக்கவில்லை. "புகையாலதான் வருகுதெண்டு நீதானே பிடிச்சிருக்கிறாய். வயலிலை புகையில்லை. திங்கள் தொடக்கம் அவ களைக்கு வரட்டும்."

திங்கள் அக்கா போனா. பத்து மணிக்கே வரம்பில் சுருண்டுவிட்டா. அத்தான் அதே மோட்டார் சைக்கிளில், அதே புகைக்குள்ளால் ஏற்றிக்கொண்டு வந்தார்.

பின்னேரம் அக்கா என்னைக் கூப்பிட்டுக் கொப்பியை வாங்கினா. ஒரு கண் இன்னும் திறக்கவில்லை.

"புகை, புகையெண்டு எழுதியிருக்கிறாய். கொட்டாவி எங்கை? முதல்நாளே எனக்குக் கொட்டாவி விடும், கழுத்து இறுகும். அப்பதான் மண்ணெண்ணெய் மணம் வயித்தைப் பிரட்டும். மற்ற நாளிலை எவ்வளவு புகையெண்டாலும் ஒண்டும் செய்யாது. சனிக்கிழமை நீ கிளப்ப முதலே எனக்கு வரத் தொடங்கிட்டுது."

"ஏன் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியே?"

மாமியிடம் போய், நான் பிடித்தது பிழை, புகையல்ல, அது முதல்நாளே கொட்டாவியோடு உள்ளுக்குத் தொடங்கிவிடுகிறது என்றேன். கொட்டாவியெல்லாம் ஒரு வருத்தமோ என்று கேட்டுவிட்டு, மாடு கட்டப் போய்விட்டா.

அந்தப் போகம் முழுக்க அக்கா களைக்குப் போனா. என்னோடு கதைக்கவில்லை.