கேப் பாபுவை வரைஞ்சது நான்தான்

முரளி இறந்துட்டான்.

நேத்து காலைல பழைய டீம் ஸ்ரீதேவி போன் பண்ணி சொன்னா. ஹார்ட் அட்டாக். நாற்பது வயசு கூட ஆகல...

பழைய ஆபீஸ் ஆளுங்க நிறைய பேர் இங்க என் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்கீங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டெஸ்டிங் டீம் முரளி. அவன் ஏ.எஸ்.ராவ் நகர்ல ஏறுவான், நான் மல்காஜ்கிரில. ஊரோட இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடிக்கு ஒன்றரை மணி நேரம், ஒரே ஆபீஸ் கேப்.

அந்த ஒன்றரை மணி நேரமும் கதை சொல்லுவான். அமெரிக்க டிவில அந்த வாரம் வந்த சூப்பர்ஹீரோ எபிசோட். வீட்டு நெட்ல அது இறங்கவே ரெண்டு நாள் ஆகும். பார்த்த மறுநாள் கேப்ல சீன் பை சீன் ஓடும்... ஹீரோவுக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு குரல்.

அதுலயும் தப்பு கண்டுபிடிக்கற டெஸ்டர் புத்தி போகாது. "போன எபிசோட்ல இடது கைல அடி, இப்ப வலது கைல கட்டு! சிவியாரிட்டி ஒன் பக்!"னு சீட்டைத் தட்டுவான்.

மத்தவங்க எல்லாம் இயர்போனை மாட்டிப்பாங்க. நான் கேப்பேன். எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

நெட்ல வர்ற படக்கதை, வெப்காமிக்னா என்னன்னு எனக்குக் காட்டினதும் அவன்தான். எது எந்தக் கிழமை வரும்னு எக்ஸெல்ல கலர் கலரா ஷீட் வெச்சிருந்தான். எங்கயோ வெளிநாட்டுல வரையறவர் ஒருத்தர் இவன் மெயிலுக்கு ரெண்டு வரி பதில் போட்டாருன்னு, அதை பிரிண்ட் எடுத்து க்யூபிக்கிள்ல ஒட்டியிருந்தான்.

மீட்டிங்ல நான் நோட்டுல கிறுக்கறதைப் பார்த்துட்டு ஒருநாள் சொன்னான். "வித்யா, நீயும் ஒண்ணு ஆரம்பி. முதல் ரீடர் நான்தான்."

ஆரம்பிச்சேன். அவன்கிட்ட சொல்லாம, வேற பேர்ல ஒரு ப்ளாக்.

வரைய ஆள் தேடி நான் ரொம்ப தூரம் போகல. ஏசி குளிருக்கு முரளி ஒரு மெரூன் சால்வை போர்த்திட்டு வருவான். "நக்கோ, வேண்டாம்னா அம்மா விடமாட்டேங்கறாங்க"ம்பான். அந்தச் சால்வையை எடுத்து சூப்பர்ஹீரோ கேப் மாதிரி முதுகுல பறக்க விட்டேன். கேப் மாட்டிக்கிட்டு கேப்ல ஆபீஸ் போற சூப்பர்ஹீரோ, டிராஃபிக்ல மாட்டி உலகத்தைக் காப்பாத்தவே லேட்டா வர்றவன்... கேப் பாபு.

ஆமா, அது நான்தான். இத்தனை வருஷமா யாரு யாருன்னு கேட்டுட்டு இருந்தீங்களே.

ஆபீஸ் முழுக்க லிங்க் சுத்தினப்ப முரளி கேப்ல குதிச்சான். "ஹவ் ஹவ், ஆமா வித்யா, நம்ம ஆபீஸ்ல யாரோதான்! நம்ம ஃப்ளைஓவர் கூட இருக்கு பாரு!"

அப்பறம் சிரிச்சுக்கிட்டே கேட்டான். "இந்த பாபு கொஞ்சம் என்னை மாதிரியே இருக்கான்ல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

ஒவ்வொரு திங்கக்கிழமையும் முதல் கமெண்ட் அவனோடதுதான். சொந்தப் பேர்ல. எந்தக் கட்டத்துல சிரிப்பு வந்துச்சு, எதுல வரல... ஒண்ணு விடாம எழுதுவான்.

ஒருநாள் கேப்ல நாங்க ரெண்டு பேர் மட்டும். குரலைத் தாழ்த்திக்கிட்டு சொன்னான். கல்யாணம் ஒண்ணு முடிவாகற மாதிரி இருந்துச்சாம். வீடு பார்க்க வந்த பொண்ணோட அப்பா, இவன் ரூம் சுவர்ல இருந்த சூப்பர்ஹீரோ போஸ்டரை எல்லாம் பார்த்துட்டு, "தம்பிக்கு இன்னும் விளையாட்டு புத்தி போகல போல"ன்னு எழுந்து போயிட்டாராம்.

"அம்மா அன்னிக்கு சாப்பிடவே இல்ல வித்யா. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாத."

சொல்லல. வரைஞ்சேன்.

அந்த வாரம் எனக்கு வேற ஐடியா வரல. அவ்வளவுதான் காரணம்... வேற எதையும் சொல்லி நியாயப்படுத்த முடியல.

நாலு கட்டம். பொண்ணு வீட்டுக்காரங்க நடுவுல சால்வையோட கேப் பாபு, டேபிள்ல ஒரு தட்டு ஜாங்கிரி. அதிகமா ஃபார்வர்ட் ஆனது அதுதான். கேண்டீன்ல கூட யாரோ பிரிண்ட் எடுத்து ஒட்டினாங்க.

அன்னிக்கும் முரளி கமெண்ட் போட்டான்.

"டிராயிங் நல்லா வந்திருக்கு. ஒரே ஒரு பக். ஜாங்கிரி இல்ல, மைசூர்பாக்."

ப்ளாக்கையே அழிச்சேன். யாருக்கு என்ன பிரயோஜனம்...

மறுநாள் கேப்ல அவன் முன்சீட்ல, டிரைவர் பக்கத்துல. சால்வை இல்ல. பின்னாடிலேருந்து யாரோ "ஏமி முரளி, ஸ்டோரி லேதா?"ன்னு, கதை இல்லையான்னு தெலுங்குல கேட்டாங்க.

"டவுன்லோட் ஆகல"ன்னான்.

அடுத்த வாரமும் டவுன்லோட் ஆகல. அப்பறம் யாரும் கேக்கறதை விட்டுட்டாங்க.

என்கிட்ட அவன் சண்டை போடல. காலைல ஒரு குட்மார்னிங், அதோட சரி. போகவர மூணு மணி நேரம் ஒரு 'சாரி'யை வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். நாலு மாசத்துல வேற கம்பெனிக்குப் போயிட்டான்.

போன வருஷம் இங்கயே மெசேஜ் பண்ணினான்.

"ஹாய் வித்யா. கேப் பாபு ஃபைல்ஸ் உன்கிட்ட இருக்கா? என்னை வெச்சு ஒரு காமிக் வந்துச்சுன்னா என் வைஃப் நம்பமாட்டேங்கறா. காட்டணும்."

திட்டலயே... கடைசில ஒரு ஸ்மைலி கூட இருந்துச்சு. எல்லா ஃபைலும் என் பழைய லேப்டாப்ல இருந்துச்சு. அனுப்பினா கூடவே மன்னிப்பும் கேக்கணுமே, அதை எப்படி எழுதறதுன்னு நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டேன். பதிலே போடல.

நேத்து அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வைஃப் என்னைப் பார்த்து, "நீங்க அவரோட எந்த ஆபீஸ்?"னு கேட்டாங்க.

"பழைய ஆபீஸ்... ஒரே கேப்ல வருவோம்"னேன். ஃபைல்ஸ் இருந்த பென் டிரைவ் ஹேண்ட்பேக்ல இருந்துச்சு. எடுக்காமயே வந்துட்டேன்.

காரியமெல்லாம் முடிஞ்சதும் கொண்டு போய்க் குடுக்கறேன் முரளி. அந்த ஒரு ஸ்டிரிப்பையும் சேர்த்துக் குடுக்கறதா, வேண்டாமா... கேக்கக்கூட நீ இல்ல.

சாரிடா.