முட்டைக்கோஸ் தோட்டத்தில் மாப்பிள்ளை

எங்கள் அக்காவைக் குளவிக்காரி என்று எல்லோரும் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். முட்டைக்கோஸைத் தின்னும் புழுவின் உடம்புக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் எள்ளளவு குளவிகளை வளர்ப்பது அவள் வேலை. ஆராய்ச்சிப் பண்ணையில் ஆணையும் பெண்ணையும் ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டுப் பஞ்சால் அடைப்பார்கள். சற்று நேரத்தில் இரண்டும் சேர்ந்துவிடும். "பொண்ணுக் குளவி எந்த ஆணையும் வேண்டாம்னு சொல்லாது" என்றார் மேலதிகாரி. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. வெளியில் என்ன நடக்கிறது என்று பார்க்கப் பூதக்கண்ணாடியோடு தோட்டத்தில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துவிட்டாள்.

அக்கா முப்பதைத் தாண்டியும் தனியாக இருப்பது பெரியம்மாவுக்குத் தொண்டையில் சிக்கிய முள். ஒரு ஞாயிறு காலை சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாப்பிள்ளையைக் கூட்டிவந்துவிட்டாள். அன்று பார்த்துக் குளவிகள் கூட்டை உடைத்து வெளிவரும் நாள். அக்கா வீட்டில் இல்லை. பெரியம்மா விடுவாளா? என்னை வழிகாட்டச் சொல்லி, அவரையும் இழுத்துக்கொண்டு தோட்டத்துக்கே வந்தாள்.

"எழுந்திருடி, மானத்த வாங்காத!"

"சத்தம் போடாதீங்க பெரியம்மா. இப்பதான் ஒருத்தி வெளிய வர்றா."

இலைக்கடியில் மஞ்சள் கூடுகள் கொத்தாக இருந்தன. முன்பே வெளிவந்த ஆண் குளவிகள் அங்கேயே காத்துக் கிடந்தன. பெண் வெளியே வந்ததும் ஒருவன் பின்னால் போய் இறக்கையை விர்ரென்று அடித்தான். அவள் கண்டுகொள்ளவில்லை. இலை விளிம்புவரை நடந்தாள், பறந்தே போய்விட்டாள்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியம்மா முறைத்தாள்.

"அது வம்சம் விளங்குமா?"

"விளங்கும். சேராமலே முட்டை போடும். என்ன, அத்தனையும் பையனாப் பொறக்கும்."

"பேசு, பேசு. நாலு நாள் ஒரே வீட்டுல இருந்தா தன்னால பிடிச்சுப் போகும். உங்க பெரியப்பாவ எனக்கு அப்படித்தான் பிடிச்சுது."

அக்கா எழுந்து மண்ணைத் தட்டினாள்.

"குழாய்க்குள்ளயும் அப்படித்தான் சேருது பெரியம்மா. பஞ்ச வெச்சு அடைச்சா அது எங்க ஓடும்? நிஜமாச் சொல்லுங்க, உங்களுக்குப் பிடிச்சுதா, இல்ல போக வழி இல்லையா?"

பெரியம்மாவை எதிர்த்துப் பேச எங்கள் அப்பாவே பயப்படுவார். அறை விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். பெரியம்மாவோ குளவி போன திசையைப் பார்த்தாள். பிறகு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையிடம் திரும்பினாள்.

"தம்பி, நீங்க கிளம்புங்க. எங்க பொண்ணுக்கு வேலை இருக்கு."