நான் விழ நினைத்த நாள்

புதுப் பலகை வாசனை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்கு மூச்சு முட்டும். பாரூர்ப் பக்கத்துக் கரும்புக் காட்டை விட்டுவிட்டு ஓசூரில் கம்பெனி வேலைக்கு வந்த அப்பா, எந்திரங்கள் வந்திறங்கிய பெட்டிகளின் மரத்தைக் கேட்டு வாங்கி, நாலு அங்குல அகலத்தில் இழைத்து, நான் மேலே நின்று ஜிம்னாஸ்டிக்ஸ் கரணம் பழகப் பதினாறடி நீளத்துக்கு ஒரு 'கட்டை' செய்தார். எங்கள் 'லைன் வீடு' ஒரே அறை. அதன் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். சுவருக்குச் சுவர் கிடந்த கட்டையின் ஒரு பக்கம் அடுப்பு, மறுபக்கம் தம்பி தூங்கும் தூளி. எந்தப் பக்கமும் நான் விழ முடியாது.

அப்பாவின் ஷிப்டு மாறினால் என் பயிற்சி நேரமும் மாறும். முதல் ஷிப்டு வாரத்தில் மாலையில், இரண்டாம் ஷிப்டு வாரத்தில் விடியற்காலையில். "ஒடம்பு கனத்தா கரணம் வராது" என்று தட்டில் இரண்டாவது இட்லியை வைக்க விடமாட்டார். பன்னிரண்டு வயதில் எனக்கு அந்த இரண்டாவது இட்லியும், சாயங்காலம் தெருவில் ஓடியாடுவதும்தான் வேண்டியிருந்தது. அதை எப்படிச் சொல்வது? நான் மாவட்டத்தில் முதலாவதாக வந்ததும் கம்பெனி நோட்டீஸ் போர்டில் என் படத்தை ஒட்டிவிட்டார்கள். கேன்டீனில் அப்பாவை எல்லாரும் 'சாம்பியன் அப்பா' என்றே கூப்பிட்டார்கள்.

ஆகவே மாநிலப் போட்டியில் வேண்டுமென்றே விழுந்துவிடுவது என்று முடிவு செய்தேன். தோற்றால் அப்பா என்னைப் பழக்குவதை விட்டுவிடுவார் என்று நம்பினேன். அப்பா பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்க, போட்டிக் கட்டைமேல் நின்று, பின்பக்கமாக வளைந்து, இப்போது விழுந்துவிடு என்று எனக்கு நானே சொன்னேன். என் கால்கள் கேட்கவில்லை. அடுப்புக்கும் தூளிக்கும் நடுவே வளர்ந்த கால்கள் அவை. கட்டையைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டன. தங்கப் பதக்கம் கிடைத்தது. அதற்குப் பின் தேசியப் போட்டிகள், பதக்கங்கள், முழங்காலில் இரண்டு அறுவை சிகிச்சைகள், கடைசியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை. நான் படித்த பள்ளியின் சுவரில் என் படம் இருக்கிறது. அதைப் பார்த்துப் பழக வரும் பெண்களைக் கண்டால், இரண்டாவது இட்லி கிடைத்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

போன பொங்கலுக்கு ஓசூருக்குப் போனேன். லைன் வீடுகள் இருந்த இடத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தப் பக்கமாக நடந்துபோகும்போது, ஓய்வு பெற்றுவிட்ட அப்பாவிடம் முதன்முறையாக, நான் விழ நினைத்த அந்த நாளைப் பற்றிச் சொன்னேன். அவர் பஸ்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீ வுழுந்துட்டா இதோட வுட்டுரலாம்னு நானுந்தான் வேண்டிக்கிட்டேன் கண்ணு. நீ சோத்துத் தட்டையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறது எனக்குத் தெரியாதா? நீ ஜெயிப்பேன்னு கம்பெனில அத்தன பேருகிட்டச் சொல்லிப்புட்டேன். நானா எப்படி நிறுத்தறது?"

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகுதான் உறைத்தது: அன்று அந்த அரங்கில் நான் விழ வேண்டும் என்று இரண்டு பேர் ஆசைப்பட்டிருக்கிறோம். நான் குதித்திறங்கி இரு கைகளையும் உயர்த்திச் சிரித்தேன்; அவர் எழுந்து நின்று கைதட்டினார்.