எதிரணியில் என் கணவர்

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் கழிந்த வாரம், இலுப்பூர் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்த கபடிப் போட்டி அது. கீரனூரில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து நான் நடத்தும் இணையதளத்தின் தலையெழுத்து அன்றைக்குத்தான் முடிவானது.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் போட்டிகளையெல்லாம் இப்போது நேரலையில் போடுகிறார்கள் அல்லவா? அந்த வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து, யார் எந்தப் பக்கம் பாய்கிறார், எப்போது தடுமாறுகிறார் என்று பிரித்து அணிகளுக்கு அறிக்கையாகக் கொடுப்பேன். கல்லூரியில் கபடி ஆடியவள், கம்ப்யூட்டரும் படித்தவள். இரண்டையும் சேர்த்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றவர்களுக்குத்தான் இருந்தது. அந்த மாதத்துக்குள் ஒரு நல்ல அணி நிலையாக அமையாவிட்டால் கடையைக் கட்டிவிட்டுத் திருச்சிக்கு வேலைக்குப் போவதாக வீட்டில் ஒப்புக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கோவைப் பக்கத்து அணி ஒன்று இணையத்தில் என்னைக் கண்டுபிடித்தது. அந்தப் போட்டிக்கு வருகிறோம், உங்கள் மாவட்டத்து அணிகளைப் பற்றி எழுதித் தாருங்கள், சரியாக இருந்தால் வருடம் முழுக்க உங்களிடமே வருகிறோம் என்றார் பயிற்சியாளர். துள்ளிக் குதித்தேன். பிறகுதான் உறைத்தது. மாவட்டத்தில் பலமான அணி எங்கள் ஊர் அணி. அதில் எதிரணிக்குள் பாடிப் போகும் ரைடர்களில் பலமானவர் என் கணவர்.

மறைக்கவும் வழியில்லை. வேலை முடிந்து வந்தவர், என் லேப்டாப் திரையில் தன்னுடைய பழைய ஆட்டமே ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"எழுது. புருசங்கிறதுக்காகக் கொறச்சு எழுதிறாத. அப்பறம் என்னயப் பத்தி எழுத ஒண்ணுமில்லன்னு நெனச்சுருவாய்ங்க" என்றார்.

தலைக்கனத்தில் நாங்கள் இருவருமே சளைத்தவர்கள் இல்லை. எழுதினேன். நெருக்கடியில் நடுக்கோட்டை நோக்கி ஓடும்போது அவர் எப்போதும் இடது பக்கமாகவே சுழன்று முதுகைக் காட்டுவார். அந்த நேரத்தில் காலைப் பிடித்தால் தப்ப முடியாது. அவருக்கே தெரியாத பழக்கம் அது. அந்த வரியை இரண்டு முறை அழித்து, திரும்ப எழுதித்தான் அனுப்பினேன்.

இறுதி ஆட்டத்தில் அந்த இரண்டு அணிகளும்தான் மோதின. முதல் பாதியிலேயே அவரை அப்படியே மடக்கினார்கள். இரண்டாம் பாதியிலும் அதே மாதிரி. கடைசி ரைடில் அவர் புள்ளி எடுத்தால் எங்கள் ஊர் ஜெயிக்கும். சுழன்றார், இடது பக்கம். கால் சிக்கியது.

"எவனோ என் தம்பிய நல்லா நோட்டம் பாத்துச் சொல்லியிருக்கான். அவன் வெளங்குவானா" என்று பக்கத்தில் இருந்த என் நாத்தனார் பொரிந்து தள்ளினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கணிப்பு அச்சுப் பிசகாமல் பலித்ததில் அப்படி ஒரு சந்தோஷம். மண்ணில் கிடந்தவரைப் பார்த்தபோது அழுகையும் வந்தது. (நாத்தனாருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும்.)

மறுநாள் காலை கணவர் மாடிக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அப்படி என்னதான் எழுதினாய், காட்டு என்றார்.

"அது அவங்களுக்கு எழுதுனதுங்க. ஒங்களுக்குக் காட்ட மாட்டேன்."

வேண்டுமானால் உங்கள் கேப்டனைப் பேசச் சொல்லுங்கள், மற்றவர்களுக்குச் செய்வதுபோல் உங்கள் அணிக்கும் தனியாகச் செய்து தருகிறேன் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து கதவு வரை போனவர், திரும்பி நின்று சிரித்தார்.

"ஒன்னய நம்பி எவனும் ரகசியம் சொல்லலாம்டி" என்றார். மாலையே கேப்டன் கூப்பிட்டார்.

கோவை அணி சொன்னபடி என்னிடமே தொடர்ந்தது. இன்று பல மாவட்டத்து அணிகள் வருகின்றன. என்னோடு சில பெண்களும் வேலை செய்கிறார்கள். எங்கள் விஷயம் வெளியே போகாதே என்று புதிதாக வருபவர்கள் கேட்டால், இந்தக் கதையைத்தான் சொல்வேன். பெரிய முதலீடு எதுவும் இல்லாமல் தொடங்கிய என் தொழிலுக்கு முதலீடு என்று ஒன்று இருக்குமானால், கட்டிய கணவரிடமே நான் சொன்ன அந்த 'மாட்டேன்'தான் அது. அதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கத் தெரிந்த அவரும்தான்.